புதுக்குடியிருப்பும் பழைய படங்களும்

புதுக்குடியிருப்பு என்னும் பெயரைக் கேட்டவுடன், அவ்வூர் எப்பொழுது புதிதாயிருந்தது என்னும் வினா எழுவது இயல்பே. வடக்கிலும் கிழக்கிலும் இப்பெயர் பூண்ட ஊர்கள் பல உள. ஈண்டுப் பேசப்படுவது முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியும், இரணைப்பாலை வழியாக மாத்தளன் கடற்கரைக்குப் போகும் வீதியும் பிரிகின்ற சந்தியில் அமைந்தது இவ்வூர். கிழக்கே நந்திக்கடலும் அதற்கப்பால் மணல்மேடும் பெருங்கடலும். மேற்கிலும் தெற்கிலும் பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காடு. ஓர் ஊரைப் புதுக்குடியிருப்பு என்று அழைப்பவர், பழைய குடியிருப்பொன்று வேறெங்கோ இருந்ததை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். பழைய குடியிருப்பு எங்கே போயிற்று, புதியது எப்படி வந்தது, அது மீண்டும் மீண்டும் எவ்வாறு புதிதாகிக்கொண்டே இருந்தது என்பனவற்றுக்கு எழுத்துச் சான்றுகள் மிகுதியாக இல்லை. ஆயினும் படங்கள் உள.

நிலத்தைக் காட்டும் படங்களுள் இருவகை உண்டு. காணி உறுதியோடு இணைந்து வரும் படம் ஒருவகை. எல்லைக்கல் எங்கே, வேலி எத்தனை முழம், வடக்கெல்லையில் யாருடைய வளவு என்பனவே அதற்குப் பொருள். மற்றையது இடவிளக்கப் படம். ஓர் இடத்தின் குளம், ஆறு, காடு, வயல், பாதை, கோயில், கிணறு, மேடு பள்ளம் ஆகியவற்றை ஒருசேரக் காட்டுவது அது. உறுதிப்படம் ஒருவனுடைய நிலத்தைச் சொல்லும். இடவிளக்கப் படம் ஓர் ஊரின் முகத்தைச் சொல்லும். வெவ்வேறு காலங்களில் வரையப்பட்ட இத்தகைய படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு மனிதனின் இளமை முதல் முதுமை வரையான நிழற்படங்களைப் பார்ப்பது போல, நிலத்தின் வரலாறு கண்முன் நிற்கும். ஒரே ஒரு படத்தை மட்டும் பார்ப்பவனோ ஏமாந்துபோவான். புதுக்குடியிருப்புப் பகுதியைப் பொறுத்தமட்டில் இவ்வேமாற்றம் வெறும் கல்விப் பிழையாக நின்றுவிடவில்லை. மக்களின் காணியையே தொட்டிருக்கின்றது.

வன்னிநிலத்தைப் படத்தில் எழுத முயன்ற ஐரோப்பியருள் ஒல்லாந்தர் குறிப்பிடத்தக்கவர். பாதிரியார் பல்தேயுசின் நூல் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியாயிற்று. அதனுடன் வந்த இலங்கைப் படம் ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிற்று. ஒல்லாந்தரின் வன்னி அறிவு அவர்களுடைய தேவையின் அளவாகவே இருந்தது. வன்னியர் தலைவர்கள் திறையாக யானைகளைச் செலுத்த வேண்டியிருந்தமையால், யானை பிடிக்கும் காடும் யானையை யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லும் வழியும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. கப்பல் ஒதுங்கும் கரையும் வேண்டியிருந்தது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என வன்னிப் பற்றுக்களின் பெயர்களை அவர்களுடைய ஏடுகள் அறியும். ஆனால் அப்பற்றுக்களுக்குள்ளே எத்தனை குளம், எந்தக் குளத்தின்கீழ் எவ்வளவு வயல் என்பது படத்தில் ஏறவில்லை. கரையோரம் பெயர்களால் நிரம்பியிருக்க, உள்நாடு வெறுமையாய்க் கிடந்தது. அவ்வெறுமை மக்கள் இல்லாமையைக் காட்டவில்லை. ஒல்லாந்தரின் ஆணை சென்று சேராத எல்லையையே காட்டிற்று. படத்தின் வெள்ளையிடத்தை வெறுநிலம் என்று படிக்கும் பழக்கம் பின்னர் வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில், 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் நிலவளவைத் திணைக்களத்தை நிறுவினார். முதலாவது நிலவளவையாளர் நாயகமாக அமர்ந்தவர் யோசப் ஜொன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர். மூன்றாண்டுகள் கழித்து, 1803 ஓகஸ்டில், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒற்றோபர் இறுதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், டிறிபேர்க் தலைமையில் வந்த படை அவனைத் தோற்கடித்தது. வன்னியின் உள்வழிகளை ஆங்கில ஆட்சி அறிந்தது பெரிதும் இப்படைநடப்பின் மூலமேயாம். 1822இல் நிலவளவையாளர் நாயகம் ஷ்னைடரின் இலங்கைப் படம் வந்தது. 1862இல் பிரேசரின் படம் வந்தது. இவை முழுத்தீவையும் ஒரே பார்வையில் காட்டும் சிறிய அளவுத்திட்டப் படங்கள். அவற்றில் ஓர் ஊர் புள்ளியாகலாம், அல்லது அதுவும் இல்லாமற் போகலாம்.

இதற்கிடையே சட்டம் ஒன்று படத்தை முந்திக்கொண்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியற்றும் பயிரற்றும் கிடக்கும் நிலம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய மலைநாட்டுச் சூழலில் எழுந்த சட்டம் அது. எனினும் வன்னிக்கும் அதே அளவுகோல் வந்து சேர்ந்தது. வன்னியில் காடு என்பது என்ன? இருபது ஆண்டுகளுக்கு முன் சேனை வெட்டிய நிலம் இன்று காடு. இன்று சேனையாகவிருப்பது இன்னும் இருபது ஆண்டில் காடு. குளம் உடைந்தால் வயல் காடாகும். குளம் கட்டினால் காடு வயலாகும். இவ்வாறு சுழன்றுவரும் நிலத்தில், ஒரு நாளின் தோற்றத்தை வைத்து உரிமையைத் தீர்மானிக்கும் சட்டம், உழவன் இல்லாத வேளையில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே எவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது போலாயிற்று.

உழவன் இல்லாத வேளை அந்நூற்றாண்டில் நெடியது. வன்னி மாவட்டங்களில் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், பாழடைந்த குளங்களையும் குடியொழிந்த ஊர்களையும் பற்றிப் பலவாறு எழுதுகின்றது. காய்ச்சலும் பறங்கிநோயும் கொள்ளைநோயும் குடிகளைத் தின்றன. குளக்கட்டு உடைந்தபோது அதனை அடைக்கப் போதிய கை இருக்கவில்லை. அடைக்காத குளத்தினடியில் விளைவு இல்லை. விளைவில்லாத ஊரில் கை இன்னும் குறைந்தது. எஞ்சிய சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நீருள்ள வேறோர் இடத்துக்குப் பெயர்ந்து போவது வன்னியின் வழக்கம். இவ்வாறு குடிகள் பெயர்ந்து அமர்ந்த இடங்களுக்குப் புதுக்குடியிருப்பு என்னும் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இப்பேச்சின் நடுநாயகமான படத்துக்கு வருவோம். ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் இலங்கை முழுவதையும் அளந்து வரையும் பணி 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்திற்று. தீவு முழுவதும் 72 தாள்களில் அடங்கிற்று. நிலத்தில் ஒரு சதுர மைல், தாளில் ஒரு சதுர அங்குலம். ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் அளவையாளரும் சங்கிலி பிடித்தோரும் காடுவெட்டிகளும் முக்காலியில் ஏற்றிய வரைபலகையுடன் நடந்து நடந்து செய்த வேலை அது. வன்னிக் காட்டில் யானையும் கரடியும் ஒருபுறம், காய்ச்சல் மறுபுறம். அவ்வேலையின் அருமையை உணராமல் அதன் குறைகளை மட்டும் பேசுதல் நன்றன்று. திணைக்களத்தில் பணியாற்றிய ஆர். எல். புறோகியர், பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி 1930களில் எழுதிய நூல்களையும், 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த நிலவளவை வரலாற்றையும் படிப்போர், இலங்கையின் குளங்களை உலகறியச் செய்ததில் இவ்வளவையாளர்க்குள்ள பங்கை அறிவர்.

ஓரங்குலப் படத்தில் சமவுயரக் கோடுகள் நூறு அடிக்கு ஒன்றாக வரையப்பட்டன. மலைநாட்டுத் தாளில் அக்கோடுகள் நெருங்கி நெளிந்து மலையையே எழுப்பிக் காட்டும். புதுக்குடியிருப்பின் அண்டை நிலமோ பெரும்பாலும் முதற்கோட்டுக்கும் கீழே கிடப்பது. ஆதலின், கோட்டை மட்டும் நம்பினால் இந்நிலம் தட்டையான பலகை போலவே தோன்றும். ஆனால் வன்னியில் மழைநீர் எங்கே தேங்கும், எவ்வழி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது நூறடி உயர வேறுபாடு அன்று, முழக்கணக்கான வேறுபாடே. அதனைச் சொல்வது வேறோர் அடையாளம். அதுதான் குளக்கட்டு. கட்டு வளைந்திருக்கும் பக்கம் பள்ளம். அதன் இரு நுனிகள் எட்டிப் பிடிக்கும் இடம் மேடு. துரிசுக்குக் கீழே வயல், வான் பாயும் பக்கம் அருவி அல்லது அடுத்த குளம். குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கோத்த மாலையாக அமைந்திருப்பதைப் படத்தில் விரலால் தொடர்ந்து செல்பவர், சமவுயரக் கோடு சொல்லாத மேடுபள்ளத்தை அறிந்துகொள்வர். பழைய வன்னி மக்கள் மண்வெட்டியால் நிலத்தின்மீதே வரைந்துவைத்த சமவுயரக் கோடு குளக்கட்டு என்றால் மிகையாகாது.

அப்படத்தின் இன்னொரு சிறப்பு, நீர் நிற்கும் குளத்தோடு கைவிடப்பட்ட குளத்தையும் அது குறித்துக் காட்டியமையாம். காட்டின் பச்சை நிறத்தின் நடுவே சிறியதொரு வளைகோடு. அது உடைந்த கட்டு. கட்டு இருந்தால் அதன்கீழ் வயல் இருந்திருக்கும். வயல் இருந்தால் உழுதவன் இருந்திருப்பான். அவன் தெய்வத்துக்குக் கல்லொன்று நட்டிருப்பான். ஒரு வளைகோட்டிலிருந்து ஓர் ஊரையே மீட்டெடுக்கலாம். முடிக்குரிய காடு என்று சட்டம் எழுதிய இடத்தில், அதே அரசின் அளவையாளன், இது ஒருகாலத்தில் ஊர் என்று அறிந்தோ அறியாமலோ சாட்சி எழுதி வைத்தான்.

படத்தின் கோடுகளைப் போலவே பெயர்களும் படிக்கத்தக்கவை. ஒருவேளை கோடுகளிலும் மிகுதியாக. புதுக்குடியிருப்பைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களைச் சற்றே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மந்துவில், கோம்பாவில். ‘வில்’ என்பது நீர் தங்கும் சிறுநிலை. அம்பலவன்பொக்கணை. பொக்கணையும் நீர்நிலையே, அதனைத் தோண்டுவித்த அல்லது காத்த அம்பலவன் யாரென்று எவருக்கும் தெரியாவிடினும் அவன் பெயர் நிற்கின்றது. உடையார்கட்டு, முத்தையன்கட்டு. கட்டு என்பது குளத்தின் அணை; உடையார் என்பது பதவிப் பெயர். விசுவமடுவில் மடு; முள்ளிவாய்க்காலில் வாய்க்கால். வள்ளிபுனத்தில் உள்ள புனம், குறிஞ்சித் திணைக்குரிய சொல் என்று நூல்களிற் படிப்போம். தினைப்புனம் காத்த வள்ளியை அறியாதார் யார்? கடலுக்கு அருகான வன்னியில் அச்சொல் ஊர்ப்பெயராய் நிலைத்திருப்பது, அங்கே காடு வெட்டிப் புன்செய் விதைத்த காலத்தை நினைவூட்டுகின்றது. இரணைப்பாலையில் இரட்டையாய் நின்ற பாலைமரம். வலைஞர்மடத்தில் மீன்பிடிப்போர் தங்கிய மடம்.

இவற்றின் இடையே வேறோர் இனப் பெயர்களும் உள: தேவிபுரம், சுதந்திரபுரம், ஆனந்தபுரம், சிவநகர். நீரையும் மரத்தையும் கட்டையும் சொல்லாமல், விருப்பத்தையும் நம்பிக்கையையும் சொல்லும் பெயர்கள் இவை. பழைய பெயர் நிலத்தைப் பார்த்து வைத்த பெயர். புதிய பெயர் எதிர்காலத்தைப் பார்த்து வைத்த பெயர். சுதந்திரபுரம் என்னும் பெயர் எந்தக் காலத்துக்குரியது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. மண்ணியல் அறிஞர் பாறைப்படைகளைக் கொண்டு காலம் கணிப்பது போல, இப்பெயர்ப் படைகளைக் கொண்டு குடியேற்றத்தின் காலத்தைக் கணிக்கலாம். புதுக்குடியிருப்பு இவ்விரு படைகளுக்கும் இடையில் நிற்கின்றது. அது நீரையும் சொல்லவில்லை, கனவையும் சொல்லவில்லை. வந்து இருந்தோம் என்று மட்டும் சொல்கின்றது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாகவேண்டும். ஓரங்குலப் படத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறின. லகரமும் ளகரமும் ழகரமும் அவ்வெழுத்தில் வேறுபாடு இழந்தன. ரகர றகரமும் அவ்வாறே. வள்ளி எது, வல்லி எது என்பதைப் படம் சொல்லாது. பின்னர் அப்படத்தைப் பார்த்தே தமிழில் பெயர்ப்பலகை எழுதியவன் தன் காதில் விழுந்தபடி எழுதினான். ஊர்ப்பெயரைத் தமிழில் அறியத் தமிழன் ஆங்கிலப் படத்தை நாடவேண்டியதாயிற்று.

இன்னும் ஒரு குறை பெரியது. சேனைக்காரன் இன்று ஓரிடம் நாளை ஓரிடம் போவான். அவனை அளவையாளன் எவ்வாறு குறிப்பான்? மாட்டுப்பட்டி கோடையில் நந்திக்கடல் ஓரத் தரவைக்கும் மாரியில் காட்டோரத்துக்கும் மாறும். தேன் எடுப்பவனின் தடம் ஒற்றையடிப் பாதையைவிட மெல்லியது. கரைவலைக்காரரின் வாடி பருவத்துக்குப் பருவம் எழுந்து மறையும். இவையெல்லாம் உரிமைகளே, ஊரவர் ஒருவர்க்கொருவர் ஒப்புக்கொண்ட உரிமைகள். ஆனால் நிலைத்து நில்லாத எதையும் படம் ஏற்பதில்லை. நந்திக்கடலின் கரையே அப்படிப்பட்டது. மாரியில் பரவைக்கடல் விரிந்து வயலோரம் வரும். வட்டுவாகல் தொடுவாய் திறந்தால் வற்றும். கோடையில் நீர் சுருங்கி வெண்மண்வெட்டை தோன்றும். கோடையில் அளந்தவனுக்கு ஒரு கரை, மாரியில் அளந்தவனுக்கு வேறொரு கரை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் மக்களுக்கு அக்கரையின் ஏற்றவிறக்கம் நன்கு தெரியும். படமோ ஒரே கோட்டை நீலத்தில் போட்டு, இதுதான் கரை என்று முடித்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலத்தின் முகம் விரைந்து மாறிற்று. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், அரச காணியை உத்தரவுப் பத்திரத்தின்மேல் குடியேற்றவாசிகளுக்கு வழங்க வகைசெய்தது. 1946 தொடக்கம் டி.டி.ரீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியாக் காய்ச்சல் அடங்கவே, வன்னியில் குடியேற மக்கள் அஞ்சாத காலம் வந்தது. 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் தீவு முழுவதும் விமானத்திலிருந்து ஒளிப்படம் எடுக்கப்பட்டது. அதன்பின் காட்டின் நடுவே பாழ்குளம் தேடுவோர் கத்தியுடன் நடக்கவேண்டிய தேவை குறைந்தது. முத்தையன்கட்டுக் குளம் திருத்தப்பட்டுக் குடியேற்றம் நடைபெற்றது. விசுவமடுவில் இளைஞர் குடியேற்றத்திட்டம் எழுந்தது. 1970 தொடக்கம் 1977 வரை, மிளகாய் வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில், இப்பகுதி உழவர் கையில் காசு புழங்கிற்று. லொறிகள் மூட்டை ஏற்றக் காத்து நின்றன. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த கலவரங்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் பலரும் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தனர். 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று.

ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் 92 தாள்களாகத் திட்டமிடப்பட்ட மீற்றர்முறைப் படங்கள் 1980களிலிருந்து வெளிவரலாயின. பழைய ஓரங்குலத் தாளின் பக்கத்தில் இத்தாளை வைத்தால் முதலிற் கண்ணில் படுவது நேர்கோடு. பழைய பாதைகள் நீரைச் சுற்றி வளைந்து சென்றன. புதிய வாய்க்காலும் குடியேற்ற வீதியும் காணித்துண்டும் அளவுகோல் வைத்து இழுத்தவை. நெளிவுகளின் நடுவே நேர்கோடு எங்கே தொடங்குகின்றதோ அங்கே அரசின் திட்டம் தொடங்குகின்றது. சமவுயரக் கோடு இப்போது 20 மீற்றருக்கு ஒன்று. அதுவும் புதுக்குடியிருப்பைப் பெரும்பாலும் தொடாமலே போகின்றது!

இதன்பின் நிலம் மாறியதும் படம் மாறியதும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்லவில்லை. போர்க்காலத்தில் புதுக்குடியிருப்பு நெடுநாள் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்களுள் பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்தனர். 1996இல் கிளிநொச்சியும் போர்க்களமாகவே, புதுக்குடியிருப்புச் சந்தி கடைகளும் பாடசாலைகளும் மருத்துவமனையும் அலுவலகங்களுமாகப் பெருத்து நகராயிற்று. சிற்றூராய் அச்சிலிருந்த இடம் நகராக வாழ்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றபோது, அழிந்த கிராமங்கள் சிலவற்றைப் பற்றி வெளியுலகம் அறிந்தது அவை அழிந்த பின்னரே.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைப் பற்றிப் பேசும்போது, பழைய ஓரங்குலத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நலம். அந்தச் சனவரியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே பொதுமக்களுக்கான முதலாவது போரற்ற வலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 35.5 சதுர கிலோமீற்றர். ஓரங்குலத் தாளில் அது ஏறத்தாழப் பதினான்கு சதுர அங்குலம். விரித்த கையால் மறைத்துவிடலாம். பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது வலயம், புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரை, பரவைக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள மணற்கீற்று. 14 சதுர கிலோமீற்றர். தாளில் ஐந்தரைச் சதுர அங்குலம். மே மாதத்து மூன்றாவது வலயம் சுமார் 2 சதுர கிலோமீற்றர். தாளில் ஒரு தபால் முத்திரையின் அளவு. சுருங்கிச் சுருங்கிச் சென்ற நிலத்தினுள் 330,000 பொதுமக்கள் வரை அகப்பட்டிருந்தனர் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதிற்று. அக்குழு செய்மதிப் படங்களையும் சான்றாகக் கொண்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் வரைபலகையுடன் நடந்த அளவையாளன் மணலும் பனையும் தாழையும் கண்ட இடத்தில், செய்மதியின் கண் ஆயிரக்கணக்கான தறப்பாள் கூரைகளைக் கண்டது. சில கிழமைகளுக்குப் பின் எடுத்த படத்தில் அவை இல்லை. புதுக்குடியிருப்பு நகரம் ஏப்பிரல் தொடக்கத்தில் இராணுவத்தின் வசமாயிற்று. மே 18, 19ஆம் நாட்களில் போர் முடிவுற்றது.

அதன்பின் வந்த படம் மிதிவெடிப் படம். எந்தத் துண்டு ஆபத்தானது, எந்தத் துண்டு துப்புரவாக்கப்பட்டது என்று கட்டம் கட்டமாகக் குறித்த படம். மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தபோது, அவர்களுடைய வளவில் இருந்தது சிவப்புப் பலகை. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை, மீள்குடியேறக் காத்திருந்தோருள் முல்லைத்தீவுக்காரர் இருந்தனர். திரும்பி வந்தவர் கண்டது என்ன? வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வளவில் வீரையும் விடத்தலும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. உறுதியும் உத்தரவுப் பத்திரமும், ஊர் ஊராகப் பெயர்ந்து பதுங்குகுழிகளிலே கிடந்தபோது, மழையில் நனைந்தும் தீயில் வெந்தும் போயிருந்தன. சிலருடைய காணியில் படைமுகாம் இருந்தது. கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலக்குடியிருப்பு மக்கள் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீதியோரத்தில் இரவும் பகலும் இருந்து, மார்ச் முதல் நாள் தம் காணிக்குள் மீண்டும் கால்வைத்தனர். புதுக்குடியிருப்பிலும் அதே காலத்தில் அவ்வாறான போராட்டம் நடைபெற்றது.

இங்கேதான் 1840ஆம் ஆண்டின் பழைய நிழல் மீண்டும் விழுகின்றது. இருபதாண்டு ஆளில்லாத வயல், மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் காடு. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, வகைப்படுத்தப்படாத எஞ்சிய அரச காடுகளின் நிருவாகத்தை வனத் திணைக்களத்திடம் ஒப்படைத்திருந்தது. போருக்குப்பின் தம் பழைய வயலுக்குச் சென்ற வன்னி உழவர் பலர் அங்கே எல்லைக்கல்லைக் கண்டனர். 2017 சனவரியில் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கண்டலையும் பறவையையும் காப்பது வேண்டுவதே. அதனை மறுப்பார் இலர். ஆனால் மாரிக்கும் கோடைக்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கும் கரைக்கு, நகராத எல்லையை எங்கே நடுவது? தம் வயலும் மேய்ச்சல் தரவையும் எல்லைக்குள் அகப்பட்டன என்று அங்குள்ளோர் முறையிட்டனர்.

2025 மார்ச் 28ஆம் நாள் மற்றொரு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின்கீழ், வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டும், இன்றேல் அவை அரச காணியாகும் என்றது அது. அதனுள் முல்லைத்தீவு மாவட்டத்துப் பங்கு 1,703 ஏக்கர். பிள்ளைகள் கடல்கடந்து சிதறிய, உறுதி எரிந்துபோன, பதிவேடு அழிந்த மாவட்டத்தில் மூன்று மாதத் தவணை! எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது, அந்த ஆண்டு யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இத்தகைய வேளையில் பழைய இடவிளக்கப் படம் என்ன செய்யும்? அது உறுதி அன்று. ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. நீதிமன்றத்தில் அதனை மட்டும் நீட்டிக் காணி கேட்க முடியாது. ஆயினும், இந்த இடம் என்றும் காடாகவே கிடந்தது என்னும் கூற்றை அது மறுக்கும். 1924க்கு முன் அளந்த தாளில் குளக்கட்டும் வயலும். 1956இன் விமான ஒளிப்படத்தில் வரப்புக் கோடுகள். மீற்றர்த் தாளில் வாய்க்காலும் வீடுகளும். பிந்திய செய்மதிப் படத்தில் மட்டும் பச்சை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அப்பச்சையின் வயது தெரிந்துவிடும். அது காட்டின் வயதன்று. மக்கள் வெளியேறியிருந்த காலத்தின் வயது. மரத்தின் அடியை அறுத்து வளையம் எண்ணுவோரும் இதே விடையையே பெறுவர். நிலவளவைத் திணைக்களத்தின் பழைய தாள்களும் கிராமப் படங்களும் இக்காரணம் பற்றியே பிரதேச அலுவலகங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் நூலகங்களிலும் பிரதியாக இருத்தல் வேண்டும். கொழும்பு நாரகேன்பிட்டியிலுள்ள தலைமையகத்துக்குப் போய்த் தாளைக் கேட்டு வாங்குவது, இரணைப்பாலையில் தோட்டம் செய்யும் முதியவருக்கு எளிய காரியமன்று.

படத்தில் ஏறாதவை முதியோர் நாவில் இருக்கின்றன. எந்த மோட்டையில் வைகாசியிலும் நீர் நிற்கும், எந்தப் பிட்டியில் பட்டி கட்டினர், எந்தப் பாலைமரத்தடியில் ஐயனாருக்குப் பொங்கினர், உடையார்கட்டு வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடும் என்பனவற்றை அவர்கள் அறிவர். தாளின் பிரதியை அவர்கள் முன் விரித்துவைத்து, அவர்கள் சொல்வதைத் தமிழ் எழுத்திலேயே ஓரத்தில் எழுதிக்கொள்ளும் வேலை, பாடசாலை மாணவர் ஓரிரு விடுமுறையில் செய்யக்கூடியது. வள்ளிபுனத்தின் ளகரத்தைப் படத்தில் ஏற்றுவதற்கும் வேறு வழியில்லை.

நந்திக்கடலின் வாயில் வட்டுவாகலில் உள்ள தாழ்ந்த பழைய பாலம், நீர்ப்பெருக்கில் மூழ்கியும் போரில் சிதைந்தும் ஒற்றை வாகனம் செல்லும் அளவில் நின்றது. அதற்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை 2025இல் தொடங்கப்பட்டது. அது முடிந்ததும் பரந்தன் வீதியின் அந்தக் கோடு அடுத்த பதிப்புத் தாளில் சற்றே தடித்துத் தோன்றும். பாலத்தின் இருபுறமும் கரையை எந்த மாதத்தில் அளப்பார்கள் என்பதை மட்டும் வட்டுவாகல் மீனவர் கவனித்துக்கொண்டிருப்பர்.